ஆளைப் பார்க்காத, மேட்ச்சைப் பாரு: ரெஸ்லிங் கேம்ல எந்த மேட்ச்சுக்கு என்ன ரூல்

கிருஷ்ணகிரி பக்கம் கேம்ஸ் சென்டர்ல பசங்க டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த கேம் ஆடறப்ப வர்ற சண்டையில பாதி ரூல் சண்டைதான். "டேய் மூணு தட்டிட்டான்டா, எழுந்துட்டான்னு சொல்ற", "நான் கீழ இறங்கவே இல்ல, ஒரு கால்தான் பட்டுச்சு", "பின் பண்றேன், ரெஃப்ரி வரவே மாட்டேங்கறான், இது டூப்ளிகேட் சிடிடா". சிடி மேல ஒரு தப்பும் இருக்காது. ரெஃப்ரி ஏன் வரலன்னா அந்த மேட்ச்ல பின் பண்ணி, அதாவது எதிரி தோளைத் தரையோட அமுக்கி மூணு எண்ண வெச்சு, ஜெயிக்கவே முடியாது, அவ்வளவுதான். ஆனா அதை ஸ்க்ரீன்ல யாரும் பெருசா எழுதிப் போடறது இல்ல, மெனுல மேட்ச் பேரு மட்டும் வரும், நாமளும் பேரைப் பார்த்து அமுக்கிட்டு நேரா ஆள் செலக்ட் பண்ற ஸ்க்ரீனுக்கு ஓடிடுவோம்.

இந்தப் பழக்கம் டிரம்ப் கார்டுல இருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். ஹைட்டு, வெயிட்டு, ரேங்க்குன்னு நம்பரை வெச்சு ஆடின ஆளுங்க நாம, பிக் ஷோ கார்டு கைல இருந்தா வெயிட்டுன்னு சொன்னா போதும், எதிரி கார்டு நம்மளுது. அதே மூளையோட கேமுக்கு வந்து, எந்த மேட்ச் ஆனாலும் பிக் ஷோ இல்லன்னா அண்டர்டேக்கர்னு எடுக்கறது. ஆனா இந்த கேம்ல ஆளோட பலம்ங்கறது மேட்ச்சுக்கு மேட்ச் மாறும். நம்ம ஊர் எருது விடும் விழாவையே எடுத்துக்கோங்க, இங்க குறிச்ச தூரத்தை எந்த மாடு கம்மி நேரத்துல ஓடிக் கடக்குதோ அதுக்குத்தான் பரிசு, மதுரைப் பக்கம் அதே மாதிரி ஒரு காளையை விட்டா திமிலைப் புடிக்க விடாம நின்னு ஆடணும், ரெண்டுக்கும் ஒரே மாட்டை யாரும் தயார் பண்ண மாட்டாங்க. கேம்லயும் மேட்ச் டைப்னா அடிப்படைல ரெண்டே கேள்விதான்: எப்படி ஜெயிக்கறது, எதைச் செஞ்சா ரெஃப்ரி தப்புன்னு சொல்வான். மத்த கூண்டு, ஏணி, சவப்பெட்டி எல்லாம் அதுக்கு மேல போட்ட அலங்காரம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். டிவில வர்றது ஸ்க்ரிப்ட், யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணியாச்சு, அதனால அங்க ரூல்ங்கறது கதைக்கு ஒரு கருவி, தேவைப்பட்டா வளைப்பாங்க, ரெஃப்ரி திரும்பி நின்னுக்குவார், தேவைப்பட்டா மேட்ச்சையே மறுபடி ஆரம்பிப்பாங்க. கேம்ல கதை எழுதறவன் யாரும் இல்ல. ரூல் மட்டும்தான் இருக்கு. அதனால டிவில பார்த்த அதே மேட்ச்சை கேம்ல ஆடறப்ப வேற மாதிரி இருக்கும், டிவில பார்த்த அறிவை வெச்சு ஆடறவன் தோத்துட்டே இருப்பான்.

முதல்ல சாதா சிங்கிள் மேட்ச். எல்லாரும் சுலபம்னு நினைக்கற இதுலதான் ரூல் அதிகம். ஜெயிக்க நாலு வழி: தோள் ரெண்டும் தரைல பட வெச்சு மூணு கவுன்ட், வலி தாங்காம எதிரி கையால தட்டி டேப் பண்ற சப்மிஷன், எதிரி ரிங்குக்கு வெளிய இருக்கறப்ப பத்து எண்ணி முடிக்கற கவுன்ட் அவுட், அப்புறம் எதிரி தப்பு பண்ணி டிஸ்குவாலிஃபை ஆகறது. பின் பண்றப்ப கால் ரோப் மேல இருந்தா கவுன்ட் நிக்கும், சப்மிஷன்லயும் எதிரி ரோப்பைப் புடிச்சுட்டா நம்ம பிடியை விடணும், விடாம வெச்சிருந்தா அஞ்சு எண்ணுறதுக்குள்ள விட்டாகணும். அதனால பின் பண்றதுக்கு முன்னாடி ஆளை ரிங் நடுவுக்கு இழுத்துட்டு வர்றவன்தான் விஷயம் தெரிஞ்சவன். மூலைல ஃபினிஷர் (ஆளோட கடைசிப் பெரிய அடி) போட்டுட்டு அங்கயே படுத்து பின் பண்ணி, கால் ரோப்ல பட்டு கவுன்ட் நின்னதும் கத்தறவனை ஒவ்வொரு சென்டர்லயும் பார்க்கலாம்.

டைட்டில் மேட்ச்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. டபிள்யூடபிள்யூஇ-ல ரொம்ப காலமா இருக்கற ரூல் என்னன்னா, சாம்பியன் கவுன்ட் அவுட்லயோ டிஸ்குவாலிஃபை ஆகியோ தோத்தா மேட்ச்தான் போகும், பெல்ட் போகாது. வில்லன் சாம்பியன் எல்லாரும் டிவில இதை வெச்சுத்தான் பொழப்பு ஓட்டினாங்க, தோக்கற மாதிரி இருந்தா பெல்ட்டை எடுத்துட்டு நடையக் கட்டறது, இல்லன்னா சேர் எடுத்து ரெஃப்ரி முன்னாடியே ஒரு அடி. சேலஞ்சர் கை தூக்கப்படும், பெல்ட் மட்டும் பழைய ஆள் தோள்லயே தொங்கும். அந்த மாதிரி ஆளை மடக்கத்தான் அடுத்த மாசம் கூண்டு, நோ டிக்யூ (டிஸ்குவாலிஃபையே கிடையாது) எல்லாம் போடுவாங்க. அதாவது ஒவ்வொரு ஸ்பெஷல் மேட்ச்சும் சாதா மேட்ச்ல இருக்கற ஏதோ ஒரு ஓட்டையை அடைக்கத்தான் பொறந்திருக்கு, இப்படிப் பார்த்தா மனப்பாடம் பண்ணாமலே ரூல் மனசுல நிக்கும்.

ரெண்டு ரெண்டு பேரா ஆடற டேக் டீம்ல வர்ற குழப்பம் லீகல் மேன், அதாவது அந்த நேரத்துல ஆட உரிமை இருக்கறவன். ரிங்ல நாலு பேர் உருண்டுட்டு இருந்தாலும் கவுன்ட் விழறது டேக் வாங்கி (கூட்டாளி கையைத் தட்டி) உள்ள வந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான். டேக் குடுத்துட்டு வெளிய போகாம ரிங்லயே சுத்திட்டு இருக்கறவனுக்கு ஃபினிஷர் போட்டு பின் பண்ணா ரெஃப்ரி சும்மா நிப்பான். இந்தத் தலைவலியே வேணாம்னா டொர்னாடோ டேக் போட்டுக்கலாம், அதுல டேக்கே கிடையாது, நாலு பேரும் எப்பவும் லீகல். சென்டர்ல நாலு கன்ட்ரோலர் ஃபுல்லா இருந்தா டொர்னாடோதான் நல்லது, சாதா டேக்ல ரெண்டு பேர் கயிறைப் புடிச்சுட்டு நின்னு போரடிச்சுக் கெடப்பான், அவன் குடுத்ததும் அதே காசுதான்.

நோ டிக்யூ, ஹார்ட்கோர், ஃபால்ஸ் கவுன்ட் எனிவேர், எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ்னு ஒரு குடும்பம் இருக்கு, எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. நோ டிக்யூனா சேர், டேபிள், ஸ்லெட்ஜ்ஹாமர் எதுக்கும் தடை இல்ல, ஆனா பின் ரிங்குக்குள்ளதான். ஃபால்ஸ் கவுன்ட் எனிவேர்னா பேரே சொல்லுது, வெளிய விரிச்ச மேட் மேல, ஏன் பேக்ஸ்டேஜ் வரைக்கும் கூட போய் முடிக்கலாம். நோ டிக்யூல வெளிய ஃபினிஷர் போட்டுட்டு, ஆளைத் தூக்கி உள்ள போடறதுக்குள்ள அவன் தெளிஞ்சுடுவான், அதே அடி ஃபால்ஸ் கவுன்ட்ல விழுந்திருந்தா மேட்ச் முடிஞ்சிருக்கும். ஆயுதம் இருக்கற மேட்ச்ல பெரிய ஆளுக்கும் சின்ன ஆளுக்கும் இருக்கற வித்தியாசம் குறையும். 2003ல வந்த ஹியர் கம்ஸ் த பெயின்ங்கற கேம்ல வெயிட் கிளாஸ் வெச்சிருந்தாங்க, ரே மிஸ்டீரியோவால பிக் ஷோவைத் தூக்கிப் போட முடியாது, சாதா மேட்ச்ல நம்ம மூவ்ல பாதி வேலைக்கு ஆகாது. ஆனா சேர் அடிக்கு வெயிட் கிளாஸ் தெரியாது.

அந்த கேம் பத்தி ஒரு வார்த்தை. யூக்ஸ்னு ஜப்பான் கம்பெனி செஞ்சு டிஹெச்க்யூ வெளியிட்டது, பிஎஸ்2-க்கு (பிளேஸ்டேஷன் 2) மட்டும். நம்ம ஊர்ல புது கேம் எத்தனை வந்தாலும் பல வருஷம் இந்த சிடிதான் ஓடிச்சு. ஆறு பேரை ஒரே கூண்டுல விட்டு ஆட வெக்கற எலிமினேஷன் சேம்பர் முதல் தடவை கேம்ல வந்தது இதுலதான், நிஜ சேம்பர் மேட்ச்சே 2002 சர்வைவர் சீரிஸ் ஷோலதான் முதல்முறை நடந்துச்சு, அடுத்த வருஷமே கேம்ல கொண்டுவந்துட்டாங்க. கூடவே தலை, உடம்பு, கை, கால்னு தனித்தனியா அடி கணக்கைக் காட்டற ஒரு சின்ன பொம்மை ஸ்க்ரீன்ல வரும், அடி வாங்க வாங்க கலர் மாறி செவக்கும். அதைப் பார்க்காம ஆடறவன் சப்மிஷன் மேட்ச்ல ஜெயிக்கவே முடியாது. எதிரி காலை மட்டும் குறி வெச்சு செவக்க வெச்சுட்டு அப்புறம் கால் சப்மிஷன் போடணும், சும்மா கண்ட எடத்துல அடிச்சுட்டு கடைசில காலைப் புடிச்சா அவன் உதறிட்டு எழுந்துடுவான்.

ஏணி மேட்ச்சுக்கு வருவோம். லேடர், டிஎல்சி (டேபிள், லேடர், சேர்), மணி இன் த பேங்க் மூணுமே ஒரே சாவிதான்: மேல தொங்கறதை எடுக்கணும். பின் கிடையாது, சப்மிஷன் கிடையாது, எதிரி செத்த மாதிரி படுத்திருந்தாலும் அதுக்கு மார்க் இல்ல. டிஎல்சி 2000 சம்மர்ஸ்லாம்ல எட்ஜ் கிறிஸ்டியன், ஹார்டி பாய்ஸ், டட்லி பாய்ஸ் மூணு டீமை வெச்சு ஆரம்பிச்சது, டேபிள் சேர் ஏணி எல்லாம் இருக்கும், ஆனா ஜெயிக்கறது ஏணில ஏறித்தான், டேபிளை எத்தனை ஒடைச்சாலும் அது அழகுக்குத்தான். மணி இன் த பேங்க் 2005 ரெஸல்மேனியா 21ல வந்துச்சு, பெல்ட்டுக்குப் பதிலா ஒரு பெட்டி, உள்ள எப்ப வேணாலும் டைட்டில் மேட்ச் கேக்கற கான்ட்ராக்ட், முதல் பெட்டியை எடுத்தது எட்ஜ்.

கேம்ல மேல ஏறி பெல்ட்டைத் தொட்டதும் ஒரு மினி கேம் வரும், அது முடியற வரைக்கும் கீழ இருக்கறவன் வந்து ஏணியைத் தள்ளாம இருக்கணும். ஆக இங்க தேவை அடி பலம் இல்ல, நேரம். எதிரி கொஞ்ச நேரம் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நம்மாளு என்ன பண்ணுவான், ஃபினிஷர் போட்டு ஆளைப் படுக்க வெச்சுட்டு, அதுக்கப்புறம் வெளிய போய் ரிங் அடில இருந்து ஏணியை இழுத்துட்டு வந்து நிறுத்தறதுக்குள்ள எதிரி எழுந்து தூசி தட்டிட்டு நிப்பான். ஏணியை முதல்லயே பெல்ட்டுக்கு நேரா நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் ஃபினிஷரைப் போடணும். ஆறு பேர் லேடர் மேட்ச்னா இன்னும் சுலபம், மத்தவங்க அடிச்சுக்கட்டும்னு ஓரமா நின்னுட்டு எல்லாரும் படுத்த நேரத்துல ஏறறவன்தான் ஜெயிப்பான், பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும்.

கூண்டுல ரெண்டு வகை, இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு ஆடறது ரொம்ப சகஜம். ஸ்டீல் கேஜுக்கு மேல கூரை இல்ல, பின், சப்மிஷன் போக, மேல ஏறிக் குதிச்சோ கதவு வழியாவோ ரெண்டு காலும் வெளித் தரைல பட்டா ஜெயிச்ச மாதிரி. ஹெல் இன் எ செல்லுக்குக் கூரை உண்டு, ரிங்கைச் சுத்தி வெளி இடத்தையும் சேர்த்து அடைச்சிருக்கும், அதுல வெளிய தப்பிச்சா ஒண்ணும் கிடைக்காது, பின் இல்லன்னா சப்மிஷன்தான். அப்புறம் எதுக்கு வெளிய போறாங்கன்னா, மேல ஏறத்தான். 1997 அக்டோபர்ல ஷான் மைக்கேல்ஸ், அண்டர்டேக்கர் ஆடினதுதான் முதல் செல், கேன் கதவைப் பிச்சுக்கிட்டு முதல்முறை வந்ததும் அன்னைக்குத்தான். அடுத்த வருஷம் கிங் ஆஃப் த ரிங்ல மேன்கைண்டை அண்டர்டேக்கர் மேல இருந்து கீழ டேபிள் மேல தூக்கிப் போட்டது எல்லாருக்கும் தெரியும். அந்த மேட்ச் முடிஞ்சது அதனால இல்ல, கடைசில ரிங்குக்குள்ள பின் பண்ணித்தான். கேம்லயும் அதே கதை, மேல இருந்து தூக்கிப் போட்டா சென்டரே கத்தும், ஆனா அதுக்கு மேட்ச் குடுக்க மாட்டாங்க, நீங்க இறங்கி வந்து பின் பண்ணணும்.

இப்ப ராயல் ரம்பிள். இது ஒண்ணுக்காகவே கேம் வாங்கினவன் இருக்கான். பழைய ரெஸ்லர் பேட் பேட்டர்சன் யோசிச்ச ஐடியா, 1988 முதல் ரம்பிள்ல இருபது பேர்தான், ஜிம் டக்கன் ஜெயிச்சார், அடுத்த வருஷத்துல இருந்து முப்பது. ரெண்டு பேர்ல ஆரம்பிச்சு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருத்தரா வருவாங்க, மேல் ரோப்புக்கு மேல போய் ரெண்டு காலும் தரைல பட்டா அவுட். மூணுமே முக்கியம்: மேல் ரோப், ரெண்டு கால், தரை. 1995ல முதல் நம்பரா வந்த ஷான் மைக்கேல்ஸ் ரோப்புக்கு மேல போய்த் தொங்கி ஒரு கால் மட்டும் தரைல பட்டுச்சு, பிரிட்டிஷ் புல்டாக் ஜெயிச்சுட்டோம்னு கையத் தூக்கி நிக்க, ஷான் திரும்ப ஏறி வந்து அவரையே தள்ளிவிட்டுட்டார். 2005ல பட்டிஸ்டாவும் ஜான் சீனாவும் ஒண்ணா விழ, கோவமா ஓடி வந்த அப்போதைய முதலாளி வின்ஸ் மக்மேன் ரிங்ல நுழையறப்பவே ரெண்டு தொடையும் காயமாகி உக்காந்தபடியே மேட்ச்சை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார், ஸ்க்ரிப்ட்ல கூட இவ்வளவு எழுத முடியாது.

கேம்ல ரம்பிளுக்கு பெரிய ஆள்தான் சரி, இதுல மட்டும் டிரம்ப் கார்டு மூளை வேலை செய்யும், பிக் ஷோ, கேன், அண்டர்டேக்கர் எடுத்தா தூக்கிப் போடறது சுலபம், நம்மளைத் தூக்கறது கஷ்டம். ஆனா பின், சப்மிஷன் எதுவும் இல்லாததால ஒருத்தனை நடு ரிங்ல வெச்சு அடிச்சு நொறுக்கறது வீண் வேலை, ரோப் பக்கத்துல இருக்கறப்ப அடிக்கற ஒரு அடிக்குத்தான் மதிப்பு. நாமளும் ரோப் பக்கம் போகாம இருக்கணும், கம்ப்யூட்டர் ஆளுங்க மூலைல கும்பலா நிக்கறப்ப அங்க போய் மூக்கை நுழைச்சா பின்னாடி இருந்து எவனாவது தூக்கிடுவான். பிஎஸ்2 காலத்துல ஒரே நேரத்துல ஆறு பேருக்கு மேல ரிங்ல நிக்க முடியாது, மெஷினோட எல்லை அது, அதனால உள்ள ஒருத்தன் போனாத்தான் வெளிய இருந்து ஒருத்தன் வருவான். அந்தக் கரண்ட் கட் காலத்துல இருபத்தஞ்சாவது ஆள் பஸர் அடிக்கறப்ப கரண்ட் போனா மேட்ச் எங்கயும் சேவ் ஆகியிருக்காது, முதல்ல இருந்துதான், சென்டர் அண்ணாகிட்ட "அண்ணா டைம் கட் பண்ணுங்க"ன்னு பஞ்சாயத்து வேற.

லாஸ்ட் மேன் ஸ்டேண்டிங்ல பத்து எண்ணறதுக்குள்ள எழுந்திரிக்கணும், அவ்வளவுதான் ரூல். 2010 எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ்ல சீனா என்ன பண்ணாருன்னா, பட்டிஸ்டாவோட ரெண்டு காலையும் ரிங் போஸ்ட்டைச் சுத்தி டேப் போட்டுக் கட்டிட்டார், ஆள் தெம்பாத்தான் இருக்கார், ஆனா நிக்க முடியல, பத்து எண்ணி முடிச்சுட்டாங்க. கேம்ல அந்த மாதிரி குறுக்கு வழி இல்ல, கீழ விழுந்தவன் பட்டன் மினி கேமை முடிச்சா எழுந்துடுவான், அடி அதிகம் வாங்கியிருந்தா மினி கேம் கஷ்டமாகும். ஐ க்விட்டும் அதே குடும்பம், எதிரியை மைக்ல ஐ க்விட்னு சொல்ல வைக்கறது மட்டும் கூடுதல். ஃபர்ஸ்ட் பிளட்ல யாருக்கு முதல்ல ரத்தம் வருதோ அவன் தோத்தான், 2008ல டபிள்யூடபிள்யூஇ பிஜிக்கு (சின்னப் பசங்களும் பார்க்கற ரேட்டிங்) மாறினதுக்கு அப்புறம் இதுக்கெல்லாம் மவுசு போயிடுச்சு.

அயர்ன் மேன் மட்டும் மூளைக்கு வேலை குடுக்கற மேட்ச். குறிச்ச நேரத்துக்குள்ள யார் அதிக ஃபால் (பின், சப்மிஷன் மாதிரி ஒவ்வொரு ஜெயிப்பும் ஒரு பாயின்ட்) எடுக்கறாங்கன்னு கணக்கு. 1996 ரெஸல்மேனியா 12ல பிரெட் ஹார்ட்டும் ஷானும் அறுபது நிமிஷம் ஆடி சைபர்-சைபர்ல நிக்க, ஓவர்டைம் குடுத்து ஷான் ஜெயிச்சார். ஆனா கேம் ஆடறவன் பார்க்க வேண்டியது அது இல்ல, 2003ல ஸ்மாக்டவுன் டிவி ஷோல கர்ட் ஆங்கிளும் பிராக் லெஸ்னரும் ஆடினது. லெஸ்னர் வேணும்னே சேர் எடுத்து ஆங்கிளை அடிச்சு டிஸ்குவாலிஃபை ஆனார், ஒரு பாயின்ட் ஆங்கிளுக்குப் போச்சு, ஆனா அடி வாங்கிப் படுத்தவர் மேல அடுத்தடுத்து ஃபால் எடுத்து கடைசில 5-4ல ஜெயிச்சார். ஒரு பாயின்ட் குடுத்து அதுக்கு மேல வாங்கற இந்தக் கணக்கு, டிக்யூ ஆன்ல வெச்ச அயர்ன் மேன்ல கேம்லயும் போட்டுப் பார்க்கலாம்.

டிஹெச்க்யூ கம்பெனி கடன்ல மூழ்கினதும் 2013ல கேம் 2கேங்கற கம்பெனி கைக்குப் போச்சு. 2கே20ல பக் (கேம்ல வர்ற கோளாறு) தாங்காம ஊரே சிரிச்சு, அடுத்த வருஷம் மெயின் கேமே விடாம 2022ல 2கே22 வந்துச்சு. அதுக்கப்புறம் மேட்ச் டைப் கூட்டறதுதான் வருஷா வருஷம் விற்பனை உத்தி. 2கே23ல வார் கேம்ஸ், 2கே24ல ஆம்புலன்ஸ், கேஸ்கெட், கான்ட்லெட், ஸ்பெஷல் கெஸ்ட் ரெஃப்ரி, 2கே25ல அண்டர்கிரவுண்ட், பிளட்லைன் ரூல்ஸ். இதுல ஆம்புலன்ஸும் கேஸ்கெட்டும் ஒரே சரக்கு, ஆளை உள்ள போட்டு மூடணும். உருப்படியானது வார் கேம்ஸ்தான். 1987ல ரெஸ்லர் டஸ்டி ரோட்ஸ் யோசிச்சது, ரெண்டு ரிங் பக்கத்துல பக்கத்துல, மேல ஒரே கூண்டு, ரெண்டு டீம், ஆள் ஒருத்தர் ஒருத்தரா வருவாங்க, எல்லாரும் உள்ள வர்ற வரைக்கும் யாரும் ஜெயிக்கவே முடியாது. அதனால ஆரம்பத்துலயே ஃபினிஷரைக் கொட்டறவன் முட்டாள், அட்வான்டேஜ் இருக்கற, அதாவது ஒரு ஆள் முன்னாடியே உள்ள வர்ற டீம் கொஞ்ச நேரம் ரெண்டுக்கு ஒண்ணா அடிக்கும், அதைத் தாங்கிட்டு ஃபினிஷரைச் சேர்த்து வெச்சுட்டு கடைசி ஆள் நுழைஞ்ச பிறகு தொறக்கணும்.

கெஸ்ட் ரெஃப்ரி மேட்ச்சை ஃப்ரெண்ட்ஸோட ஆடாதீங்க. ரெஃப்ரி கன்ட்ரோலர் எவன் கைல இருக்கோ அவன் வேகமாவும் எண்ணலாம், ஆமை மாதிரியும் எண்ணலாம், ஆடறதுக்கு முன்னாடியே டீ யார் வாங்கித் தர்றதுன்னு பேரம் ஆரம்பிச்சுடும்.

கடைசியா செட்டிங்ஸ். 2கே கேம்ல மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி ஆப்ஷன் பக்கம் ஒண்ணு இருக்கு, டிக்யூ, கவுன்ட் அவுட், ரோப் பிரேக் எல்லாத்தையும் ஆன் ஆஃப் பண்ணலாம், டைம் லிமிட்டும் அங்கயே. காசு பந்தயம் கட்டறவங்க முதல்ல அதைத் திறந்து ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கறது நல்லது. டைமையும் யோசிச்சுக்கோங்க, அரை மணி நேரக் காசு குடுத்துட்டு முப்பது பேர் ரம்பிள் போட்டா மேட்ச் முடியறதுக்கு முன்னாடி அண்ணா வந்து டிவி முன்னாடி நிப்பார். அரை மணிக்கு சாதா சிங்கிள் ரெண்டு, மூணு ஓடும், லேடர்னா அதுவும் சந்தேகம், ஆறு பேர் போட்டா எவனும் எவனையும் ஏற விட மாட்டான்.